லூப்பே அக்கா கருக்கிய ரொட்டி

என் அருமை லூப்பே அக்காவுக்கு,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எங்கள் பலேர்மோத் தமிழ்ச் சங்கத்து மலரில் போடப் போகிறார்களாம். போடட்டும், சனமும் கேட்கட்டும். உங்கள் ஊர்ப் பாசை எனக்குத் தெரியாது, என் ஊர்ப் பாசை உங்களுக்குத் தெரியாது. உடைந்த இத்தாலியனில் கதைத்தே இவ்வளவு காலம் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம். இதுவும் உங்களுக்கு விளங்கும்.

முதலில் புதினங்கள். நம்முடைய கட்டடத்துக்கு லிப்ட் போடப் போவதாக இந்த வருடமும் சொல்கிறார்கள். என் முழங்கால் அப்படியேதான். நீங்கள் ஜன்னலில் நட்ட கொத்தமல்லிக்கு என் மனுசி பரமேசு தண்ணீர் ஊற்றுகிறாள். போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரன் உங்கள் பெயரைச் சொல்லி எனக்கு இப்போதும் ஒரு மீன்தலை கூடப் போடுகிறான்.

அக்கா, நீங்கள் போன பிறகு வந்த முதல் நவம்பர் இது. செத்தவர்களின் நாளன்று என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில், பரமேசு தூள் இடிக்கச் செத்தல் மிளகாய் வறுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மேல்மாடிச் சிஞ்ஞோரா கொன்செத்தா படிக்கட்டில் நின்று இருமி இருமிக் கத்தினார். "எங்களைக் கொல்லப் பாக்கிறியளோ? பொலிசைக் கூப்பிடட்டோ?" ஒவ்வொரு கதவாகத் திறந்தது, ஒவ்வொரு கதவுக்குள்ளும் இருமல். கீழ் வீட்டிலிருந்து நீங்கள் மட்டும் இருமாமல் ஏறி வந்தீர்கள். கையில் ஒரு வெறும் தட்டு. வாசலில் நின்று மூச்சை இழுத்து முகர்ந்தீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர். புகையாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

கப்பலில் வேலை செய்த தோத்தோ அண்ணன், மெக்சிக்கோவில் ஒரு துறைமுகத்தில் உங்களைக் கண்டு கட்டிக்கொண்டு வந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்தக் கட்டடத்தில் எங்கள் புகைக்கு இருமாத ஒரு ஆள் இருக்கிறார்.

ரொட்டிக்குச் சோளம் அவிக்கச் சுண்ணாம்பு வேண்டும் என்று நீங்கள் அலைந்ததையும் மறக்கவில்லை. மருந்துக் கடைக்காரன், "சுவருக்கு அடிக்கவோ?" என்று கேட்டானாம். நான் என் வெற்றிலைத் தட்டத்தைத் திறந்து சுண்ணாம்பு டப்பாவை நீட்டினேன். விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துவிட்டீர்கள், பரமேசு பார்த்துக்கொண்டு நிற்கும்போதே! அந்த வெற்றிலைச் சுண்ணாம்பில் அவித்த சோளத்தைத் தோல் உரித்து, எங்கள் தோசை மா அரைக்கும் கிரைண்டரில் அரைத்து, எங்கள் தோசைக்கல்லில் தட்டிப் போட்டீர்கள். ரொட்டி பந்து மாதிரி எழும்பியது. உங்கள் ஊர் ரொட்டி பலேர்மோவில் முதல் முதலாக எழும்பியது எங்கள் கல்லில்தான் என்று பரமேசு இன்றைக்கும் பெருமை பேசுகிறாள்.

துறைமுகத்தால் வருகிற தெருவில் மெக்சிக்கன் கடை ஒன்று திறந்தபோது, உங்கள் மகள் மரீனா தன் பிறந்தநாளுக்கு நம் இருவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் பெரிய தொப்பி, கள்ளிச்செடி, மீசை. உள்ளே அமெரிக்கப் பாட்டு. ஓடு மாதிரி மடித்துப் பொரித்த சோள ரொட்டி ஒன்று, உள்ளே இறைச்சி வைத்துத் தந்தார்கள். கடித்தால் உடைந்து மடியில் கொட்டியது. அரைத்த இறைச்சியில் சின்னச்சீரகத்தைத் தவிர ஒன்றும் மணக்கவில்லை. மேலே மஞ்சள் பாகாக உருகிய சீஸ். காரம் என்று சொன்ன சிவப்புச் சாறு இனித்தது. மகளுக்குத் தெரியாமல் உங்களைக் கேட்டேன்.

"அக்கா, உங்கட ஊரிலை இப்பிடியோ?"

"நான் இருந்த ஊரிலை இல்லை, தம்பி. ஆனா எங்கையோ ஒருத்தி செய்திருப்பா. எல்லை தாண்டிப் போய், கிடைச்ச மாவிலை, கிடைச்ச இறைச்சியிலை, பிள்ளையளின்ரை பசிக்குச் செய்திருப்பா. உன்ரை சுண்ணாம்பிலை நான் செய்யேல்லையோ?"

"அப்ப இதும் சரி எண்டுறியள்?"

"அவ செய்தது சரி. ஆனா இஞ்சை அவ எங்கை? உப்புக் காணுமோ எண்டு கேக்க ஆர் இருக்கினம்?"

நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா ஒருநாள் மஞ்சள் தூளும் அப்பிளும் பாலாடையும் போட்டுக் கிண்டிய சோற்றைத் தந்து, "உங்கட ஊர்க் கறி" என்று சொன்ன கதையை அப்போதுதான் உங்களுக்குச் சொன்னேன். "நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டீர்கள். "புவோனோ, நல்லாயிருக்கு எண்டு சொல்லி முழுக்கச் சாப்பிட்டனான்" என்றேன். நீங்கள் உங்கள் ஓட்டையும் முழுக்கத் தின்று முடித்து, மரீனாவைப் பார்த்து, "புவோனோ" என்றீர்கள். பிறகு என் காதில், "நாங்கள் ரண்டு பேரும் நல்ல நடிகர்" என்றீர்கள்.

உப்புக் காணுமோ, போதுமோ என்ற அந்தக் கேள்வி. உங்கள் குசினிக்குள் யார் வந்தாலும் மரக்கரண்டியை வாய்க்கு நேரே நீட்டுவீர்கள். தபால்காரன் வந்தாலும் அதே நீட்டல்தான். சட்டியில் இருப்பதை நீங்களாக ருசி பார்த்ததை நான் கண்டதில்லை.

தோத்தோ அண்ணன் போன பிறகு ஒவ்வொரு நவம்பரும், செத்தவர்களின் நாளன்று, அவர் படத்துக்கு முன்னால் செவ்வந்திப் பூ வைத்து, மத்தி மீன் போட்ட பஸ்தாவும் ஒரு சிகரெட்டும் வைப்பீர்கள். "என்ரை மோலேக்கு அவன் வரமாட்டான். மீன் மணந்தால்தான் வருவான்" என்பீர்கள். மோலே என்றால் உங்கள் கையால் ஒரு முழுப் பகல் கொதிக்கும் அந்தக் கறுத்தக் கோழிக் குழம்பு. அப்படி ஒரு நவம்பரில்தான் சொன்னீர்கள்:

"செத்த ஆக்கள் மணத்தைப் பிடிச்சுத்தான் வருவினம், தம்பி. நான் கடலுக்கு இஞ்சாலை சாகப் போறன். பிழையான மணம் வந்தால் வேறை வீட்டுக்குப் போயிடுவன். எனக்கு ஆர் மோலே வைக்கிறது?"

"நான் வைக்கிறன், அக்கா."

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். நான் சிரிக்காமல் சொன்னேன்.

அந்த வாக்கோடுதான் இந்த நவம்பரில் உங்கள் குசினிக் கதவைத் திறந்தேன். உங்கள் தங்கை அனுப்பிய காய்ந்த மிளகாய் தகரப் பேணியில் அப்படியே இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாததால் எதையும் எழுதி வைக்க வழியில்லை. கண்ணால் கண்டது அப்படியே தலைக்குள் கிடக்கும். எந்த மிளகாயை முதலில் வறுப்பீர்கள், பாதாமைப் பொரிக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பீர்கள், மோதிக்கா ஊர்ச் சாக்லேட்டை உடைக்கும்போது என்ன முணுமுணுப்பீர்கள், எல்லாம் எனக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது மரீனா மிலானிலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் அந்த மெக்சிக்கன் கடையின் காகிதப் பை.

"ஸியோ, அம்மாவுக்கு வைக்கக் கொண்டு வந்தனான்," என்றாள். என்னை அவள் மாமா என்று கூப்பிடும் விதம் அது, உங்களுக்குத் தெரியும்தானே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதை வைச்சால் உன்ரை கொம்மா வாசலோடை திரும்பிப் போயிடுவா."

"ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா என்னோடை வந்து இதைத்தான் சாப்பிட்டவ. முழுக்கச் சாப்பிட்டவ. ஸியோவுக்கு மட்டும்தான் அவ சொந்தமோ?"

நான் குழம்பைக் கிண்டினேன். அது உங்கள் நடிப்பு என்று அவளுக்குச் சொல்லவா? சொல்லியிருந்தால் நீங்கள் என்னை மன்னித்திருப்பீர்களா? மகளோடு இருந்து சாப்பிட்டபோது அது நடிப்பாகத்தான் இருந்ததா என்பதும் எனக்கு இப்போது தெரியவில்லை.

அவள் கிட்ட வந்து, கரண்டி விளிம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். நான் பதறிவிட்டேன்.

"தொடாதை, பிள்ளை! செத்தவைக்குப் படைக்கிறது. படைக்க முதல் ருசி பாக்கக் கூடாது. எங்கட வழக்கம் அது."

"எங்கட வழக்கம் பாக்கிறது," என்றாள். பிறகு முகத்தைச் சுருக்கினாள். "ஸியோ, ஏதோ ஒண்டு இல்லை."

"எல்லாம் போட்டனான். எள்ளு, கிராம்பு, கறுவா, முந்திரியவத்தல், எல்லாம்."

"குறையிறது உப்பில்லை, உறைப்பில்லை, வேறை ஏதோ." கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "நான் பள்ளிக்கூடத்தாலை வருவன். அம்மா ஜன்னலைத் திற, திற எண்டு கத்துவா. வீடெல்லாம் புகை. ரொட்டி கருகிப் போயிருக்கும். மோலே வைக்கிற ஒவ்வொரு நாளும் கருகும்."

"ஓம், கருகும். கொம்மா கதையிலை அடுப்பை மறந்து போறவ."

"ஒவ்வொரு நாளுமோ, ஸியோ?"

அக்கா, அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீங்கள் வேண்டுமென்றுதான் கருக்கினீர்கள். சோள ரொட்டியை நெருப்பில் கரியாகும் வரை விட்டு, அதையும் எடுத்து மிளகாயோடு அரைத்ததை எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று கண்டவன் நான். உங்கள் கவலையீனம், வீணாக்க மனமில்லாமல் போடுகிறீர்கள் என்று நினைத்தேன். சொன்னால் உங்களுக்கு வெட்கமாயிருக்கும் என்று வாய் திறக்கவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அன்றைக்கும் அதை விட்டுவிட்டுச் சமைத்தேன். நான் சொல்லி முடிக்க முன்னம் மரீனா சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு அழுகையாகப் போய்விட்டது.

இப்போது ரொட்டிக்கு எங்கே போவது? என் கையில் அது ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை, கிழியும். சோறுதான் வைக்க இருந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் அந்தக் காகிதப் பையைப் பார்த்தோம்.

மரீனா ஓட்டுக்குள் இருந்த சீஸையும் இறைச்சியையும் வழித்து ஒரு தட்டில் வைத்தாள். வெறும் ஓட்டை இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டினாள். சோளம் சோளம்தானே, அக்கா. முதலில் எண்ணெய் பொரிந்தது. பிறகு மஞ்சள் கறுத்தது, ஓரம் பற்றியது, புகை கிளம்பியது. என் கண் எரிந்தது. அவள் இருமினாள். நான் ஜன்னலைத் திறந்தேன். கரியைக் குழம்புத் தண்ணீரில் ஊற வைத்து, அரைத்துக் கலந்தோம்.

குழம்பு நிறம் மாறியது. மரீனா ருசி பார்க்கவில்லை. மரக்கரண்டியில் எடுத்து, ஊதி, என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"உப்புக் காணுமோ, ஸியோ?"

என் அம்மாவின் எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையலிலும், அப்புவின் திவசத்திலும் படைக்க முன்னம் ஒரு பருக்கை வாயில் வைக்காதவன் நான். உங்கள் படத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"காணும்," என்றேன்.

படத்துக்கு முன்னால் தட்டை வைத்து, மேலே எள்ளுத் தூவினோம். போனவர்களுக்கு நாங்கள் தண்ணீரோடு இறைக்கும் அதே எள். பக்கத்தில் மரீனா, சீஸும் இறைச்சியும் இருந்த தன் தட்டையும் வைத்தாள். நான் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். பிறந்தநாள் சாப்பாடு அவளுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

இருவரும் அசையவில்லை. திரும்பவும் தட்டல். மரீனாதான் போய்த் திறந்தாள். பொல்லை ஊன்றிக்கொண்டு சிஞ்ஞோரா கொன்செத்தா. இருமிக்கொண்டு, எப்போதும் போல ஏசிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, லூப்பே திரும்பவும் ரொட்டியைக் கருக்கிப் போட்டாளோ?"

சொன்ன பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிலுவை போட்டார். மெதுவாகச் சொன்னார்: "மணம் வந்தது. நான் அவள்தான் எண்டு நினைச்சன்."

மரீனா கதிரையை இழுத்துப் போட்டாள். உங்களுக்கு வைத்ததில் இருந்து ஒரு தட்டுக் கொடுத்தோம். இவ்வளவு காலமும் அந்தப் புகைக்கு ஏசிய மனுசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

நீங்கள் வந்தீர்களா, அக்கா? எனக்குச் சொல்லத் தெரியாது. மணம் சரி என்பது மட்டும் தெரியும்.

ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும் வரைக்கும் நவம்பரில் அந்தச் சட்டி ஏறும். கிரைண்டரைக் கீழே உங்கள் குசினிக்கு இறக்கச் சொல்லிவிட்டேன், சுண்ணாம்பும் இருக்கிறது. மரீனா தோசைக்கல்லில் ரொட்டி தட்டிப் பழகட்டும். முதல் ரொட்டி கரியாகும் வரை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், எடு என்று சொல்ல மாட்டேன். உள்ளே வருகிற எல்லோருக்கும் கரண்டி நீட்டுவோம். நீங்கள் இருமாமல் ஏறி வாருங்கள்.

உங்கள் மேல்வீட்டுத் தம்பி,
இராசையா