லாஸ்பேட்டை ஓடுபாதையில் அப்பா போட்டிருந்த ஷூ

என் அப்பாவுக்கு,

நீங்கள் பாப்பா என்று கூப்பிட்ட கனகா எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியதை, இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, பி.ஏ. படித்தும் பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.

நேற்று ஆபீஸ் விட்டு வரும்போது கடற்கரைச் சாலையில் நம் காரைப் பார்த்தேன். நம் கார் என்று எழுதிவிட்டேன். அது ஒருநாளும் நம்முடையதாக இருந்ததில்லை. உங்கள் முதலாளி சவரி, பிரெஞ்சு வழக்கப்படி நாம் முசே என்று கூப்பிடுகிறவர், சைகோனில் வேலை முடிந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த அதே பச்சை அமெரிக்கக் கார்தான். ஓட்டுகிறவர் வெள்ளை உடுப்பும் பளபளக்கும் ஷூவும் போட்டிருந்தார். கிளம்பும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு போனது. உங்கள் கையில் அது அப்படிக் குலுங்கி நான் பார்த்ததே இல்லை. முனை திரும்பும் வரை சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனதில் நின்றது கார் அல்ல, அந்த ஷூதான்.

அந்தக் காரில் கிளச் கிடையாது, கியர் தானாக மாறும் என்பது அப்போது ஊரில் பெரிய பேச்சு. டாக்சி ஸ்டாண்டில் உங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா? அதிலும் கோவிந்தண்ணன்.

“இன்னா தணிகாசலம், எடது காலுக்கு இன்னைக்கும் லீவா?”

“லீவு இல்லடா. அதுக்கு வேற வேல குடுத்திருக்கேன்.”

“கெடக்குது போ. கிளச்சே இல்லாத வண்டிய ஓட்டிட்டு நீயும் டிரைவருன்னு சொல்லிக்கிற. எங்க வீட்டுப் பொம்பளையே ஓட்டுவா அத.”

“ஓட்டட்டுமே. கூட்டிட்டு வா, நானே சொல்லிக் குடுக்கறேன்.”

அப்போது நீங்கள் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்தபின் சிரிக்கவில்லை.

பிறகு லாஸ்பேட்டை ஓடுபாதையில் கார் பந்தயம் நடக்கப்போகிறது என்ற சேதி வந்தது. மதராஸிலிருந்து மோட்டார்ப் பைத்தியங்கள் கார்களோடு வருவார்கள். இரண்டிரண்டு கார்களாக நிறுத்திக் கொடி விழுந்ததும் கால் மைல் நேராக ஓட வேண்டும், அவ்வளவுதான். முசே பிரான்சுக்குக் குடிபோக முடிவு செய்திருந்த சமயம் அது. காரைக் கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் வாங்குவதாக இருந்தது. பந்தயம் பார்க்க அவரும் வருவார்.

முசே உங்களைக் கூப்பிட்டுச் சொன்னதை நானும் கேட்டேன். “தணிகாசலம், நீ ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் நான் அவர்கிட்ட சொல்றேன், வண்டியும் டிரைவரும் ஒண்ணு, பிரிச்சுத் தரமாட்டேன்னு.”

“ஆவட்டும் முசே,” என்றீர்கள். வெளியே வந்ததும் காரின் மட்கார்டைத் தொட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டீர்கள். ஆறு வருடம் ஓட்டிய வண்டி. அதை விட்டால் ஸ்டாண்டில் யாருடைய பழைய டாக்சியையாவது ஓட்ட வேண்டியதுதான் என்று எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் ஓடுபாதைக்குப் போவோம். விமானம் எப்போதோ ஒன்று வந்து போகிற இடம். உங்கள் தோள் துண்டுதான் கொடி. அதைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே நிற்பது நான். ஆள் இல்லாத இடம் என்பதால் எனக்குக் கூச்சமே இருக்காது.

செருப்பைக் கழற்றிப் பின்சீட்டுக்குக் கீழே போட்டுவிடுவீர்கள். இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது காலால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பீர்கள். இன்ஜின் இழுக்கும், பிரேக் விடாது. காரின் பின்பக்கம் தாழ்ந்து உட்காரும். முகத்தில் ஓர் அமைதி வரும். நான் துண்டை இறக்கியதும் கார் பாய்ந்து போய்விடும்.

“எப்படிப்பா தெரியுது, எவ்ளோ குடுக்கணும்னு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பெடலு சொல்லும் பாப்பா. வண்டி பிரேக்க மீறப் போவுதுன்னா, அதுக்கு ஒரு மயிரிழ முன்னாடி பெடல்ல ஒரு நடுக்கம் வரும். எறும்பு ஊர்ற மாதிரி. உள்ளங்கால்ல வந்து சொல்லும். அங்கேயே நிறுத்திக்கணும். அதுக்கு மேல குடுத்தா கொடி விழுறதுக்குள்ள நகந்துரும். ரொம்ப நேரம் புடிச்சாலும் கியர்பாக்ஸ் எண்ணெ கொதிச்சிடும்.”

இதை எனக்குத் தவிர வேறு யாருக்கும் நீங்கள் விளக்கிச் சொன்னதில்லை. அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் வசந்தாவிடமிருந்து கடிதம் வந்தது. பி.ஏ. படித்தபோது மதராஸ் ஹாஸ்டலில் என் அறைத்தோழி. அவள் அண்ணன் ரகுவும் தன் இங்கிலீஷ் காரோடு பந்தயத்துக்கு வருகிறானாம், அவளும் கூட வருகிறாளாம். “உன் அப்பாவைப் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருந்தாள். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். அப்பா என்ன செய்கிறார் என்று அவள் கேட்டபோது, மோட்டார்த் தொழில் என்று மட்டும் சொல்லியிருந்தேன் அப்பா. என்ன தொழில் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று நீங்கள் தூங்கும்போது உங்கள் கால்மாட்டில் செய்தித்தாளை வைத்துப் பென்சிலால் அளவெடுத்தேன். நேரு வீதிக்குப் போய்ப் பழுப்பு நிறத் தோல் ஷூ வாங்கினேன். என் முதல் சம்பளத்தில் உங்களுக்கு வாங்கிய பொருள் அதுதான். நீங்கள் அதைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய்த் தோல் வாசனை பிடித்தீர்கள். அம்மாவிடம் காட்டினீர்கள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

“ரேஸ் அன்னைக்கு இதப் போட்டுக்குங்கப்பா.”

“ரேஸுக்கா? வேணாம் பாப்பா. அப்புறமா போட்டுக்கறேன்.”

“எல்லாரும் ஷூ போட்டுட்டு நிப்பாங்க. நீங்க மட்டும் வெறுங்காலோட எறங்கி நின்னா என்ன நெனப்பாங்க? வசந்தா வர்றா.”

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். உங்கள் மகள் எதற்கு வெட்கப்படுகிறாள் என்று அந்த ஒரு பார்வையில் புரிந்துகொண்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். “சரி, போட்டுக்கறேன்” என்றீர்கள். குரல் மாறவில்லை. அம்மாதான், “பாவம்டி, அவரு காலு அகலம்,” என்றாள். நான் அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பந்தயத்தன்று நல்ல வெயில். ஊரே வந்திருந்தது. ஸ்டாண்டுக்காரர்கள் கோவிந்தண்ணன் தலைமையில் ஒரு பக்கமாக நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். முசே தொப்பியோடு தோப்புக்காரர் பக்கத்தில் நின்றார். நீங்கள் காரிலிருந்து இறங்கி வந்து வசந்தாவுக்கு வணக்கம் சொன்னீர்கள். அவள் முகம் மலர்ந்து, “அங்கிள், கனகா உங்களப் பத்திப் பேசவே மாட்டா, ஏன்னு இன்னிக்குக் கேக்கணும்,” என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. நீங்கள் நடந்தபோது ஷூ கிறீச்சிட்டது. புதிதாக நடை பழகுகிறவர் போலக் காலைத் தூக்கி வைத்தீர்கள்.

உங்களுக்கு ஜோடியாக விழுந்தது ரகுவின் கார். இரண்டும் கோட்டில் வந்து நின்றன. இடது பக்க ஸ்டியரிங் என்பதால் நீங்கள் என் பக்கம், பத்தடி தூரத்தில் இருந்தீர்கள். அப்போது ரகு கதவைத் திறந்து, தன் ஷூ இரண்டையும் கழற்றிப் புல்லில் வீசினான். “புடி வசந்தா, இதப் போட்டுட்டு ஓட்டினா பெடலே தெரியாது!” என்று கத்தினான். வசந்தா சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அந்த ஷூவை எடுத்து வந்தாள். ஒருவரும் அவனைக் கேலி செய்யவில்லை.

நீங்களும் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

கொடிக்காரர் இன்னும் கொடியைத் தூக்கவில்லை. நேரம் இருந்தது அப்பா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையையாவது அசைத்திருக்கலாம். வசந்தா ஓடியது போல ஓடி வந்து, “கழட்டிக் குடுங்கப்பா” என்று கை நீட்டியிருக்கலாம். அத்தனை பேர் நடுவே ஓட வேண்டுமே என்று உடம்பு கூசியது. வாங்கித் தந்தவளே கழற்றச் சொன்னால், எதற்கு வாங்கினேன் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றும் தோன்றியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஷூவைக் கழற்றவில்லை.

இன்ஜின் சத்தம் ஏறியது. பின்பக்கம் தாழ்ந்தது. சத்தம் இன்னும் ஏறியது. நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட அளவைத் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நடுக்கம் அந்தத் தோலைத் தாண்டி உங்களுக்கு வந்து சேரவில்லை. கொடி விழுமுன்பே கார் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. பதறிப்போய்ப் பிரேக்கை ஓங்கி மிதித்தீர்கள். மூக்கு குத்தி நின்றது வண்டி. அதே நொடியில் கொடி விழுந்தது. ரகுவின் கார் போய்விட்டது. நீங்கள் மறுபடி கிளப்பி ஓட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கோவிந்தண்ணன்தான் முதலில் கத்தினார். “அடப்பாவி! கிளச்சுன்னு நெனச்சி பிரேக்க மிதிச்சிட்டான்டா!” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிளச் இருக்கிற கார் ஓட்டிப் பழகியவர்கள் அந்த மாதிரி வண்டியில் செய்கிற தப்பு அது, அதனால் எல்லோரும் நம்பினார்கள். முசேயும் நம்பினார். தோப்புக்காரர் காரை எடுத்துக்கொண்டார், டிரைவர் தன்னிடமே இருக்கிறார் என்றார்.

வீட்டுக்கு வந்து நீங்கள் ஷூவைக் கழற்றியபோது இரண்டு சுண்டு விரலும் தோல் உரிந்திருந்தன. அம்மா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். “என் தப்புதான். அவசரப்பட்டுட்டேன்,” என்று அவளிடம் சொன்னீர்கள். என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள். எனக்கு வலிக்கக் கூடாது என்றா, இல்லை, வலித்துவிட்டதாலா? இதை மட்டும் இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டினீர்கள். கிளச் இருக்கிற டாக்சி. ‘கிளச்சு தணிகாசலம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சவாரி பிடிக்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் கேட்டார்கள். ஒருநாளாவது, “என் பொண்ணு சொல்லித்தான் ஷூ போட்டேன்,” என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் விழுந்திருக்காது.

நெஞ்சு வலி என்று படுத்த நீங்கள் காலையில் எழவில்லை. கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டும்போது உங்கள் பாதங்களைப் பார்த்தேன். இடது பாதத்தின் முன்பகுதி மட்டும் வழவழவென்று இருந்தது. பெடல் பேசிய இடம். அந்த நேரத்திலும் கோவிந்தண்ணன் அழுதுகொண்டே, “கிளச்ச தேடுன மகராசன் போயிட்டியேடா,” என்றார். அழுதவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அன்பில்தான் சொன்னார், தெரியும். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை.

ஷூ உங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நான் அளவெடுத்த அதே செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தீர்கள். பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. பாலீஷ் போட்டு வைத்திருந்தீர்கள் அப்பா. எதற்கு?

அம்மா நன்றாக இருக்கிறாள். முசே கடிதம் போட்டிருந்தார், அங்கே குளிர் தாங்கவில்லையாம். வசந்தாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டாண்டுக்குப் போகிறேன். எல்லா டிரைவர்களும் டீக்கடை முன்னால் நிற்கும் நேரத்தில் போகிறேன். ஷூவையும் எடுத்துப் போவேன். கோவிந்தண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன்: எங்கப்பாவுக்கு அந்த வண்டி தெரியும். அவருக்கு ஷூ மாட்டி விட்டது நான். கழட்டட்டுமான்னு என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் முடிக்காமல் திரும்ப மாட்டேன்.

இந்த முறை தலையைக் குனிய மாட்டேன் அப்பா.

துண்டைக் கொடியாகப் பிடித்து நின்ற உங்கள் மகள்,
பாப்பா என்கிற கனகா