குன்னூர் ஆணி

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் போயிருக்கும் இடத்துக்குத் தபால் எத்தனை நாளில் சேரும் என்று தெரிந்தால் அங்கேயும் ஓர் ஆணி அடித்துவைப்பேன். தெரியவில்லை. அதனால்தான் நம் ஆட்கள் மாதாமாதம் போடும் இந்தத் தாளில் எழுதுகிறேன். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நம்மோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்து, கப்பலேறி வந்து, ஊருக்கொருவராய்ச் சிதறிப்போனவர்கள் எல்லோரும் படிக்கட்டும்.

முதலில் ஒரு சண்டை. உங்கள் மேல் எனக்குக் கோபம். செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன், நாத்தனாருக்கு அந்த உரிமை கூடவா இல்லை?

நீங்கள் ஆணியும் நூலுமாய்ச் செய்த மேப் இன்னும் நம் ஒற்றை அறைக் காம்பரா சுவரில்தான் இருக்கிறது. அதற்கென்று அந்தத் தேயிலைப் பெட்டிப் பலகையை நீங்கள் ஃபேக்டரியில் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? "இருக்கிற ஒண்டிக் காம்பராவுல இத எங்கடி மாட்டப் போற?" என்று அண்ணன் கத்தினார். நீங்களோ, பிள்ளைக் காம்பராவில் கொழுந்து பறிக்கப் போன பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு கிழிந்த சுவெட்டரைப் பிரித்துச் சிவப்பு நூல் உருண்டை சுற்றிக்கொண்டு வந்தீர்கள்.

கப்பலிறங்கியதும் மண்டபம் முகாமில் ஊர் ஊராய் நம்மைப் பிரித்தார்களே, அந்தக் காலையை நான் மறக்கவில்லை. நமக்குக் குன்னூர். பக்கத்துக் காம்பராக் கனகுவுக்கு ஓவேலி. சிலர் கோத்தகிரி, சிலர் திருச்சி, சிலர் ஆந்திராவில் நூல் மில். உங்கள் தங்கச்சி ரஞ்சிதத்துக்குக் கர்நாடகத்தில், சுள்ளியாப் பக்கம் ரப்பர்த் தோட்டம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். "அங்க ஒரு சாவுன்னா தப்புமேளச் சத்தத்துலயே எட்டு லயமும் கூடிரும். இங்க எவ காதுக்குடி கேக்கும்?" என்று அன்றைக்கு என்னிடம் கேட்டீர்கள். அந்தக் கேள்விதான் பலகையாச்சு.

ஓர் ஊரிலிருந்து நம் ஆள் கடிதம் போட்டால் அந்த ஊருக்கு ஓர் ஆணி. ஆணியில் தொங்கும் சீட்டில் விலாசம். அங்கிருந்து குன்னூர் ஆணிக்கு ஒரு நூல். மைல் கணக்கை நீங்கள் பார்க்கவே இல்லை. கடிதம் வந்துசேர எத்தனை நாளோ அத்தனை விரற்கடை தூரம். திருச்சிக் கடிதம் இரண்டு நாளில் வந்தது, இதோ இந்த மாவட்டத்திலேயே இருக்கும் ஓவேலிக் கடிதம் நான்கு நாள் எடுத்தது. அதனால் உங்கள் மேப்பில் திருச்சி பக்கத்து ஊர், ஓவேலி தூர தேசம்! தபால்காரர் அதைப் பார்த்து மிரண்டுபோனார்.

"ஏனுங்க அம்மிணி, எல்லா ஊரும் இருக்குதுங்க, ஊட்டியக் காணோமுங்களே?"

"ஊட்டியில நம்ம லயத்து ஆளு யாருங்க இருக்கா? ஒரு லெட்டரு கொண்டாங்க, ஒடனே ஆணி அடிக்கிறேன்."

அவர் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனார்.

விளையாட்டாக இதைச் செய்யவில்லை நீங்கள். ஆந்திராச் சேதியெல்லாம் திருச்சிக்காரர் மூலம்தான் வருகிறது, அவர் வேலை மாறினால் ஆந்திரா அறுந்துபோகும் என்று கண்டுபிடித்து, நேராகவே எழுதச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் போட்டீர்கள். ஒற்றை நூலில் யாரும் தொங்கக் கூடாது என்பீர்கள். அவ்வளவு விவரமான மனுஷி, எல்லா நூலையும் உங்கள் ஒரே ஆணியில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டீர்களே, அந்த ஆணி போனால் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? எங்கள் யாருக்குமே தோன்றவில்லை, மதினி.

நீங்கள் போன அன்று மத்தியானம் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் கொழுந்துக் கூடையோடு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழுவதா, தந்தி கொடுப்பதா? சீட்டுகளைப் பறித்துக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். கோத்தகிரி, திருச்சி, ஓவேலி, ஆந்திரா என்று வரிசையாகக் கொடுத்தேன். சுள்ளியா ஆணியில் சீட்டே இல்லை.

சொந்தத் தங்கச்சி விலாசத்தை யாராவது எழுதியா வைப்பார்கள்? உங்களுக்கு அது மனப்பாடம். பெட்டியைக் கொட்டித் தேடினேன். ரஞ்சிதத்தின் கடிதங்கள் அத்தனையிலும் அனுப்புநர் இடத்தில் 'தங்கச்சி' என்று மட்டும் இருந்தது. சுள்ளியாவைச் சுற்றி எத்தனை ரப்பர்த் தோட்டம், எதற்கென்று தந்தி கொடுக்க? அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "அவளுக்குத்தான் தெரியும், அவளுக்குத்தான் தெரியும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மழை. குளிப்பாட்டி முடித்ததும் பெரியவர்கள் கேட்டார்கள், "பொறந்த வீட்டுக் கோடி எங்க?" உங்களுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ரஞ்சிதம் ஒருத்திதான். அவள் கையால் போட வேண்டிய புதுச் சேலை இல்லாமலே உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புகுந்த வீட்டுச் சேலையைத்தான் நான் போர்த்தினேன்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய நேரம் ஓவேலியிலிருந்து கனகு வந்துசேர்ந்தாள். கூடலூர், ஊட்டி என்று பஸ் மாறி மாறி, தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ரஞ்சிதம் எங்க?"

"அவ வெலாசம் தெரியல கனகு."

"அடிப் பாவி! எங்கிட்ட இருக்கேடி! மாசம் தவறாம எனக்கு லெட்டர் போடுறா. மொதல்ல அவளுக்குத்தான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சில்ல நான் பஸ் ஏறிட்டேன்!"

ஓவேலிக்கும் சுள்ளியாவுக்கும் நடுவில் இத்தனை வருஷமாய் ஒரு நூல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நம் பலகையில் அது இல்லை. ஏனென்றால் அது குன்னூருக்கு வராத நூல். இருந்திருந்தால் கனகுவுக்குக் கொடுத்த தந்தியிலேயே 'ரஞ்சிதத்துக்குச் சொல்' என்று இரண்டு வார்த்தை சேர்த்திருப்பேனே!

கனகுவின் தந்தி கிடைத்து ரஞ்சிதம் வந்தது நாலாம் நாள். கக்கத்தில் பச்சைச் சேலை. நேராக உங்களிடம்தான் போனாள். ஈர மண்மேல் அந்தச் சேலையை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, "அக்கா, பிந்திட்டேன்" என்றாள். கேட்டுதா மதினி? எனக்கு அந்தக் குரல் இன்னும் காதிலிருந்து போகவில்லை.

திரும்பி வந்து பலகைமுன் நின்றாள். உங்கள் நூல் உருண்டையில் மிச்சமிருந்ததை எடுத்து, சுள்ளியாவிலிருந்து ஓவேலிக்குத் தன் கையாலேயே கட்டினாள். விலாசச் சீட்டையும் எழுதித் தொங்கவிட்டாள்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறேன், 'நீங்கள் யார் யாருக்குக் கடிதம் போடுகிறீர்கள்?' பதில் வர வர நூல் கட்டுகிறேன். கோத்தகிரிக்கும் ஆந்திராவுக்கும் சம்பந்தம் பேசுகிறார்களாம், நமக்குத் தெரியவே தெரியாது! சிவப்பு நூல் தீர்ந்து இப்போது நீலம். பலகை உங்கள் காலத்தைப் போல அழகாக இல்லை, கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பார்த்தால் திட்டுவீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். குன்னூர் ஆணியைப் பிடுங்கினேன். அதில் கட்டிய நூல்கள்தான் தொய்ந்தன. எந்த ஊரும் தனியாக நிற்கவில்லை, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. சந்தோஷப்பட வேண்டியவள் அந்த ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அப்புறம் அதே ஓட்டையில் திரும்ப அடித்துவிட்டேன்.

இந்தத் தாளைப் படிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த மேப்பை வரைந்து அனுப்பப்போகிறேன். இனி நம் பெண் ஒருத்திக்குக்கூடப் பிறந்த வீட்டுக் கோடியை மண்மேல் விரிக்க விடமாட்டேன். இது உங்கள் தலையில் அடித்துச் செய்கிற சத்தியம் இல்லை, ரஞ்சிதத்தின் கையைப் பிடித்துச் செய்த சத்தியம்.

உங்களோடு சண்டை இன்னும் தீராத
நாத்தனார் பவளம்