யாழ் பொறித்த காசு

பெப்ரவரி 2, திங்கள்

கடை திறந்து பத்து நிமிடத்தில் சண்டை. கட்டட வேலை செய்யும் பல்கேரியர் ஒருவர் ஒரு கட்டு லெவ் நோட்டுகளைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். இனி இதை வாங்குவதில்லை என்றேன். ஜனவரி முதலாம் திகதி அவர்கள் நாடும் யூரோவுக்கு மாறிவிட்டது. ஜனவரி முழுக்க இரண்டு காசும் ஓடின. நேற்றிலிருந்து லெவ் செல்லாது. ஊருக்குப் போனால் மத்திய வங்கியில் மாற்றலாம் என்று சொன்னேன்.

"அதற்கு விமானச் சீட்டு நீ தருவாயா?" என்று கத்தினார்.

நியாயம்தான். ஆனால் நானா மாற்றினேன்? முதலாளி ஞானரட்ணம் அண்ணை உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்காதவர் மாதிரி இருந்தார். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் காசு மாற்றும் கடையில் பதினொரு வருடம் நிற்கிறேன். ஏச்சு மட்டும் எந்த நாட்டுக் காசானாலும் ஒன்றுதான்.

பெப்ரவரி 8, ஞாயிறு

மகள் அஜித்தா போன் எடுத்தாள். பல்கேரியாவில், புளோவ்டிவில், மருத்துவம் மூன்றாம் வருடம். செலவு எப்படி என்று கேட்டேன்.

"வாடகை அதே அறுநூறு லெவ்தான் அம்மா."

"லெவ்வோ? இப்ப யூரோவெல்லே?"

"பழக்கத்திலை வந்திட்டுது," என்று சிரித்தாள்.

பெப்ரவரி 9

பழக்கம்தான். பிறகு ஏன் எனக்கு உறுத்துகிறது?

பெப்ரவரி 15, ஞாயிறு

மாலை நாலரைக்கு வீடியோவில் வந்தாள். புதுப் பல்கேரியக் குற்றிக் காசைக் காட்டச் சொன்னேன். எங்கள் கடையில் நோட்டு மட்டும்தான், சில்லறை வாங்குவதில்லை. அந்த நாட்டு ஒரு யூரோவில் ஒரு புனிதரின் உருவம் இருக்கிறது என்று அண்ணை சொல்லியிருந்தார். பார்க்க ஆசையாக இருந்தது, வேறொன்றுமில்லை.

பர்ஸைக் கவிழ்த்து ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். புனிதர் இல்லை. யாழ். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு அது தெரியாதா? அடுத்ததும் யாழ். மூன்றாவதும், நாலாவதும்.

"இது அயர்லாந்துக் குற்றியெல்லே பிள்ளை?"

"எல்லா நாட்டுக் காசும் எல்லா இடமும் ஓடும்தானே அம்மா."

உண்மை. ஒரு பக்கம் எல்லோருக்கும் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டுக்கு. எங்கே அடித்தாலும் எங்கும் செல்லும். ஆனால் நாலுக்கு நாலா?

இன்னொன்று. அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் நல்ல வெளிச்சம். புளோவ்டிவ் எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் முந்தியது. அங்கே ஆறரை. மாசி மாதத்தில் இருட்டியிருக்க வேண்டும்.

சாப்பிட்டாயோ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். மற்றதை ஏன் கேட்கவில்லை?

பெப்ரவரி 16

அஜித்தாவின் அப்பா றெஜினோல்ட்டிடம் சொன்னேன். டியூட்டிக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"காசு எங்கையும் போகும். அதுக்குத்தானே எல்லா நாட்டுக்கும் ஒரே காசு வைச்சிருக்கிறாங்கள்."

"அப்ப அந்த வெளிச்சம்?"

"லைற் போட்டிருப்பாள். சும்மா பிள்ளையைச் சந்தேகப்படாதையும்."

என்ன மனுசன்! அவள் படிக்கப் போன நாளிலிருந்து கிழமைக்கு ஆறு நாள் பஸ் ஓடுகிறார். இடுப்பு நாரி பிடித்துப் படியேறவும் கஷ்டப்படுகிறார். அதனால்தான் உண்மையைப் பார்க்க மறுக்கிறார் போல.

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

ஐந்து தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை. "லெக்சர்" என்று ஒரு சொல் அனுப்பினாள்.

பெப்ரவரி 19

நேராகவே கேட்டேன். "நீ அயர்லாந்திலையோ?"

"ஓம் அம்மா. டப்ளினிலை."

செப்டெம்பரிலிருந்து! இரண்டாம் வருடத்தில் அனற்றமி என்ற உடற்கூற்றுச் சோதனையில் மூன்று தரம் தோற்றாளாம். அந்த வருடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்களாம். "என்னாலை ஏலாது" என்று வெளிக்கிட்டுவிட்டாள். இப்போது வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை.

"ஏன் டப்ளின்? வீடு இல்லையோ உனக்கு?"

"பிரிட்டிஷ் பாஸ்போட்டோடை விசா இல்லாமல் வெளிநாட்டிலை வேலை செய்யிறதெண்டால் இங்கைதான் ஏலும். நீங்கள் அனுப்பிறதும் யூரோ. ஒண்டையும் மாத்தத் தேவையில்லை, உங்களுக்கும் தெரியவராது எண்டு நினைச்சன். வீட்டை வந்தால் அப்பாவின்ரை முகத்தைப் பாக்கோணுமெல்லே."

என்ரை கையாலை பவுணை யூரோவாக்கி அனுப்பினனான். மாசாமாசம்! யூரோ ரேற் குறையட்டும் எண்டு நாள் பாத்துப் பாத்து! எப்பிடி மனம் வந்தது இவளுக்கு? நான் என்ன மடைச்சியோ?

அந்தப் படிப்புக் காசைத் தொடவில்லையாம். அது எனக்கு என்னத்துக்கு?

பெப்ரவரி 20

அவரிடம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஒரு சொல்? ஒரு ஏச்சு? இல்லை.

மார்ச் 7, சனி

டப்ளினுக்குத் தனியாகப் போய் வந்தேன். ஏசுவதற்கென்றே போனேன். அவளைக் கண்ட இடத்திலேயே, நடுத்தெருவில், தமிழில் உரத்து ஏசினேன். வெள்ளைக்காரர் விலகி நடந்தார்கள். அவள் என் பையை வாங்கிக்கொண்டாள்.

மூன்று பெண்கள் இருக்கும் ஓர் அறை. சுவர் ஈரம். கழுவிக் கழுவி அவள் விரல்கள் வெடித்திருந்தன.

"விருப்பமில்லாத படிப்பெண்டால் அப்பவே சொல்லியிருக்கலாமே பிள்ளை. நாங்கள் கட்டாயப்படுத்தினனாங்களோ?"

"நான் விருப்பமில்லை எண்டு சொல்லேல்லை அம்மா. எனக்கு டொக்ரரா வர சரியான விருப்பம். ஏலாமல் போச்சு. அது வேறை."

திரும்பும் விமானத்தில் முழுக்க அந்த 'வேறை'யைத்தான் யோசித்தேன்.

மார்ச் 11

படிப்புக் காசைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். யூரோவைத் திரும்பப் பவுணாக்கியதில் நாங்கள் அனுப்பியதைவிடக் குறைந்துதான் வந்தது. றெஜினோல்ட் போனைப் பார்த்தபடி, "குறையுது," என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு மகளைப் பற்றி வாய் திறந்தால் இந்த ஒரு சொல்!

"அவளோடை கதைக்காமல் காசோடை கதையுங்கோ," என்று கத்திவிட்டேன்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

அவள் லைனில் இருக்கும்போது போனை அவரிடம் நீட்டினேன். குளிக்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 5

பாஸ்கா, உயிர்ப்பு ஞாயிறு. மூன்று பேர் வீட்டில் இரண்டு பேர், அதிலும் ஒருவர் ஊமை.

ஏப்ரல் 12, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி. பியற்றிஸ் அக்கா நேரே எங்களிடம் வந்தா. எங்கள் கோயில் பங்கில் அவவுக்குத் தெரியாத வீடு இல்லை.

"என்ன றெஜினோல்ட், டொக்ரர் மகள் எப்ப படிச்சு முடிக்கிறா?"

"இன்னும் மூன்று வருடம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கூசாமல் வந்தது பொய். ஆனால் அவர் முந்திவிட்டார்.

"அவ படிப்பை விட்டிட்டா அக்கா. டப்ளினிலை வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிறா."

"ஐயோ!"

"ஏன் ஐயோ? உழைச்சுத்தானே சாப்பிடுறா."

குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

காருக்குள் ஏறியும் அவர் காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார்.

"நீர் போய்ப் பாத்தனீர்தானே. அந்த அறை குளிரோ?"

"ஓம். சுவரெல்லாம் ஈரம்."

காரை ஸ்டார்ட் செய்தார்.

"வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருக்கிறன். டப்ளினுக்கு இரண்டு டிக்கெட் பாரும்."

லீவை எனக்குச் சொல்லாமல் முன்பே எடுத்து வைத்திருக்கிறார். நான் போனில் டிக்கெட் தேடத் தொடங்கினேன்.