காலியாக விட வேண்டிய கட்டம்

தங்கச்சி,

இன்று காலை பத்தேகாலுக்குத் திரையில் ஒரு கட்டம் காலியாக நின்றது. மாண்டலே போகும் சரக்கு ரயில் பெகுவை விட்டுக் கிளம்பிய நேரம் பதிவாகியிருந்தது. அதற்கடுத்து ஒன்றுமில்லை. வெளியே லான்மடாவ் தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள சரக்கு நிலையத்திலிருந்து வழக்கம்போல் கேள்வி வந்துவிட்டது: ரயில் எங்கே? என் கை விசைப்பலகை வரை போய், மடிக்கே திரும்பிவிட்டது.

நம் வேலையை வெளியாரிடம் சொன்னால் சிரிப்பார்கள். "ரயிலு எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்க ரெண்டு ஆளு" என்று நீயே சிரிப்பாய். நம் ரயில் மாண்டலே சேரும், அங்கிருந்து லாரி, எல்லை தாண்டினால் அவர்களுடைய ரயில். நம் பெட்டிகள் எப்போது வரும் என்று தெரிந்தால்தான் அவர்கள் தங்கள் வண்டியில் இடம் ஒதுக்குவார்கள். அவர்கள் பக்கத்தில் ஒவ்வொரு வண்டியும் திரையில் தானாகவே நகரும். நமக்கு வாய்த்தது ஒரு தொலைபேசி. நிலையம் நிலையமாகக் கூப்பிட்டு, அங்கிருப்பவர் கண்ணால் கண்டதைக் கேட்டு, இரண்டு பக்கமும் பார்க்கும் அந்தத் திரையில் பதிவோம். நம் ரயில் கட்டுப்பாட்டு அறைக்காரரே நாளடைவில் அதைத்தான் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இந்த ஊரில் 'ஆனாடே' என்பார்களே, அடுத்தவர் மனம் கோணக் கூடாதென்று உண்மையை விழுங்கிவிடுவது, அது. ரயில் கிளம்பாமல் நின்றாலும் அக்கரைக்காரன் வருந்துவானே என்று 'கிளம்பியது' என்று போட்டுவிடுவேன். நீ வந்து அழிப்பாய்.

"காக்கா, உங்களுக்கு ரயிலுகிட்டக்கூட ஆனாடே வருது. தெரியலைன்னா காலியா விடுங்க. காலியா இருந்தாத்தான் ஒருத்தனாவது தேடுவான்."

எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்போம். பர்மியத் தகப்பனுக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த நீ அதை எங்கே பிடித்தாயோ, முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டாய்.

பிறகு அந்தக் கருவி வந்தது. பெட்டியில் பொருத்திவிட்டால் ரயில் நிற்கும் இடம் தானாகவே இரு நாட்டுத் திரைக்கும் வரும் என்றார்கள். பாதையில் எங்கெல்லாம் அலைவரிசை கிடைக்கவில்லை என்று ஒருவர் கூடவே போய்க் குறித்து வர வேண்டும். நான் போகிறேன் என்றேன். "நீங்க டவுங்கூ போறதுக்குள்ள நாலு தடவ தூங்கிருவீங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பையில் இன்ஹேலரைப் போட்டுக்கொண்டு கார்டு பெட்டியில் ஏறினாய். நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்கலாம்.

பெகு தாண்டியதும் கருவி ஓய்ந்தது. அன்றைய மழை வெள்ளத்தில் வழி நிலையங்களின் தொலைபேசியும் போயிற்று. அடுத்த கட்டம் டவுங்கூ, காலியாக இருந்தது. அக்கரையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்கள், மாலை வண்டியில் இடம் வைக்கவா வேண்டாமா என்று. நான் கால அட்டவணையைப் பார்த்தேன், விரல் விட்டு எண்ணினேன், 'டவுங்கூ தாண்டியது, இரண்டு மணி' என்று போட்டேன். அவர்கள் நன்றி சொன்னார்கள். எனக்கு மனசு லேசானது, தங்கச்சி. அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாக நாக்கு கூசுகிறது.

மூன்று மணிக்குக் கார்டின் குரல் வயர்லெஸ்ஸில் ஒரு நிமிடம் கட்டுப்பாட்டு அறைக்குக் கிடைத்தது. ரயில் தண்ணீரில் நிற்கிறது, அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது, மருந்து தீர்ந்துவிட்டது. இடத்தைச் சொல்வதற்குள் அறுந்துபோனது. அங்கிருந்தவர் திரையைப் பார்த்தார். டவுங்கூவைத் தாண்டி வடக்கே என்றார். நான்தான் டவுங்கூ வெள்ள மீட்புத் தொண்டர்களின் படகுக்குக் கைபேசியில் பேசினேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். மேலதிகாரி என் தோளருகே நின்றிருந்தார். அந்தக் கட்டம் என் கற்பனை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். "வடக்கே" என்றேன்.

நாற்பது நிமிடம் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கழிப்பறைக்குள் போய், யாருக்கும் கேட்காமல் படகுக்காரரைக் கூப்பிட்டு, தெற்கே, பெகு பக்கம் போங்கள் என்றேன். அவர்கள் உன்னிடம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, உன் மூச்சும் நின்றிருந்தது. அரைமணி முன்னால் வந்திருக்கலாமே என்று கார்டு அழுதாராம். கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் இரண்டு மணிக்கே யாராவது தேடியிருப்பார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் நீ பிழைத்துவிடுகிறாய். அதுதான் தாங்க முடியவில்லை.

இன்று மேலதிகாரி வந்து, "ஏதாச்சும் போட்டு வையி, அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். 'தெரியாது, தேடுகிறோம்' என்று எழுதிவிட்டு, பெகுவுக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு நிலையத்தையும் கூப்பிட்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஒரு ரயில்வே கேட்காரர் எடுத்தார். வண்டி எதிரிலேயே நிற்கிறது, எல்லோரும் நலம் என்றார். நான் அழுததை அவர் என்னவென்று நினைத்தாரோ.

அக்கரையில் வைத்திருந்த இடம் போய்விட்டது. போகட்டும்.

ஞாயிறுதோறும் தின்கன்ஜூனுக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் போகிறேன். அவரும் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்.

"அந்த நேரம் ரயிலு எங்கேதான் நின்னுச்சு தம்பி?"

"டவுங்கூவுக்கு அந்தப் பக்கம்னு நெனச்சுட்டாங்கம்மா."

யார் நினைத்தார்கள் என்று அவர் கேட்பதில்லை. "நீயாச்சும் படகு அனுப்புனியே" என்று சோற்றை அள்ளி வைக்கிறார், மீனில் பெரிய துண்டாகப் பார்த்துப் போடுகிறார். வேண்டாமென்றால் அவர் முகம் வாடிவிடுமே என்று சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.