வேண்டாம் என்றால் தொடரும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று எங்கள் வரிசைக்குக் கோப்பை கிடைத்தது. கோப்பை என்றால் மேடையில் தூக்கிக் காட்டுகிற கோப்பை இல்லை, காபி குடிக்கிற கோப்பை. ஆளுக்கு ஒன்று. அதன் மேல் ஒரு இதயம், இதயத்துக்குக் கீழே "மிக விசுவாசமான மொழி".

விஷயம் இதுதான். எங்கள் நிறுவனத்தின் கைபேசி விளையாட்டைப் பல மொழிகளில் விளையாடுகிறார்கள். சந்தா கட்டிவிட்டு அதை விடாமல் தொடர்கிறவர்கள் தமிழில்தான் அதிகமாம். கொடுத்தவர் மூச்சு. எங்கள் குழுத்தலைவர். எதைச் சொல்வதற்கு முன்பும் "எல்லாரும் ஒரு மூச்சு இழுத்து விடுங்க" என்பார், அதனால் அந்தப் பெயர்.

"விசுவாசம் நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்றார்.

பக்கத்து இருக்கைக்காரி தும்மல் — ஏசி காற்றுக்கு நாள் முழுக்கத் தும்முவாள் — என் காதில், "ரத்தத்துல இருக்கிறது சக்கரைதான்டி" என்றாள்.

குமிழ்த் தோட்டம். அதுதான் விளையாட்டு. குமிழியை விரலால் உடைத்தால் பூ பூக்கும். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட உட்கார்ந்து உடைக்கிறார்கள். விளையாட இலவசம். 'தங்க வாளி' என்று ஒன்றை முதல் மூன்று நாள் இலவசமாகத் தருவான். நாலாம் நாளிலிருந்து வாரா வாரம் கணக்கிலிருந்து பணம் போகும். போனது தெரிந்ததும் அரட்டைப் பெட்டியில் வந்து நம்மைத் திட்டுவார்கள். நான் பதில் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. பதில் முன்பே எழுதிவைத்தது. நான் ஆளின் பெயரை மட்டும் மாற்றுகிறேன். இதற்கு ஒரு பட்டப்படிப்பு.

மார்ச் 6, வியாழன்

ஒரு ஆள் இன்று விடாப்பிடி. "நான்தான் வேண்டாம்னு அமுக்கினேனே, எதுக்குப் பணம் எடுக்கறீங்க?"

என் திரையில் அவர் கணக்குக்கு நேரே இரண்டே வரி. தேர்வு: வேண்டாம். சந்தா: தொடர்கிறது. எனக்குக் காட்டுவது அவ்வளவுதான். சந்தாவை நிறுத்தவா என்று விளையாட்டு கேட்டிருக்கிறது, இந்த மகான் வேண்டாம் என்றிருக்கிறார். நான் என்ன செய்ய? எழுதிவைத்த பதிலை அனுப்பினேன்: தங்கள் பொறுமைக்கு நன்றி, எங்கள் பதிவுகளின்படி தாங்கள் 'வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்துள்ளீர்கள்.

"வேண்டாம்னா வேண்டாம்தானே?"

மறுபடி அதே பதில்.

"நீ மனுஷியா, மெஷினா?"

இந்தக் கேள்விக்கும் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

என்ன ஜனமோ. கேள்வியைப் படிக்காமலே அமுக்குகிறது. தேர்தலிலும் அப்படித்தான் அமுக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் வெடித்துவிட்டது.

ஒரு வாரமாகவே அக்காவும் அம்மாவும் குசுகுசுவென்று இருந்தார்கள். அக்காவும் மாமாவும் தனி வீடு பார்க்கிறார்கள். அட்வான்ஸுக்கான பணத்தை அம்மா பெயரில் இருக்கிற கணக்கில்தான் சேர்க்கிறார்கள். கார்டு மாமாவிடம். வங்கிக் குறுஞ்செய்தி அம்மா போனுக்கு வரும். அதிலிருந்து வாரா வாரம் ஏதோ பணம் குறைந்துகொண்டே வருகிறதாம். யார் எடுத்தது என்ற இடத்தில் என்னவோ இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம். அக்கா அகராதியில் பார்த்தாளாம், "பொழுதுபோக்கு" என்று அர்த்தமாம்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து கையில் கிரீஸோடு வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அம்மா வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"வாரா வாரம் போய்ப் பொழுதைப் போக்கிட்டு வர்ற இடம் எது மாப்பிள்ளை? பாரா, இல்ல வேறெதுவுமா?"

"நான் எடுக்கலை அத்தை."

"பின்ன பேயா எடுத்துச்சு? கார்டு உங்ககிட்டதானே இருக்கு?"

எதிர்வீட்டு அம்மா தன் வீட்டுக் கதவைத் திறந்து குப்பைக்கூடையை வெளியே வைத்தார். அப்புறம் அதையே உள்ளே எடுத்து வைத்தார். அப்புறம் மறுபடி வெளியே.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா, "அம்மா கேக்கிறதுக்கு ஒரு பதில் சொல்லுங்களேன்" என்றாள்.

அந்த ஒரு வரிதான். அம்மா கத்தியதுகூட அவர்மேல் மழைபோல வழிந்துவிட்டது. இது உள்ளே போனதை நான் பார்த்தேன். கருவிப் பையை எடுத்துக்கொண்டார். என்னிடம், "சின்னவளே, கதவைச் சாத்திக்கோ" என்றார். போய்விட்டார்.

அம்மா வயிறு சரியில்லை என்று போனோடு கழிவறைக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் வயிறுதான் முதலில் கெடும். ஒரு மாதமாகவே அடிக்கடி கெடுகிறது.

மார்ச் 12, புதன்

மாமாவைப் போய்ப் பார்த்தேன். அவர் பராமரிக்கிற ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி, லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறை. மோட்டாருக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுக்கிறார். யாராவது பொத்தானை அமுக்கினால் அறையே ஒரு உலுக்கு உலுக்கும்.

"வாழ்க்கையில மேல வரணும்னு சொல்வாங்கல்ல. வந்துட்டேன் பாரு" என்றார்.

"மாமா, நீங்க எடுக்கலைன்னா எடுக்கலைன்னு கத்தியிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

"ஒரு தடவைதான் சொன்னீங்க."

"உண்மையை எத்தனை தடவை சொல்லணும்? உங்க அம்மா கேட்டது பரவாயில்ல. மாமியார்னா கேப்பாங்க, அது அவங்க வேலை. உங்க அக்காவும் கேட்டாளே, அதுதான் தாங்கல."

கீழே யாரோ அமுக்கினார்கள். கயிறு ஓடியது.

அக்கா சாப்பிடுவதில்லை. போய்க் கூப்பிடு என்றால், "அவர் எங்க போனார்னு முதல்ல தெரியணும்" என்கிறாள். வாயால் அவள் கேட்பது இப்போது எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று. கண்ணால் கேட்பது, அந்தப் பணத்தோடு வாரா வாரம் எங்கே போனார் என்று.

மார்ச் 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. சிரிப்பா, ஆத்திரமா என்றும் தெரியவில்லை.

காலையில் அம்மா குளிக்கும்போது அவள் போன் மேசையில் கிணுங்கியது. வங்கிச் செய்தி. பார்த்தேன். பணம் எடுத்தவர்: ஓரிவெல் லெஷர்.

லெஷர். பொழுதுபோக்கு. அக்கா அகராதியில் பார்த்த சொல். நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அனுப்புகிற பதிலின் அடியில் இருக்கிற பெயர். எங்கள் நிறுவனம் வசூலுக்கு வைத்துக்கொண்டிருக்கிற பெயர். என் சம்பளச் சீட்டின் தலையில் இருக்கிற பெயர். வீட்டில் ஒருத்தராவது அந்த இங்கிலீஷை இங்கிலீஷாகவே என்னிடம் சொல்லியிருந்தால் — சரி விடு. நானாவது கேட்டேனா.

போனைத் திறந்தேன். குமிழ்த் தோட்டம். அம்மாவின் தோட்டம். எழுநூறு பூ.

தலைதுவட்டிக்கொண்டே வந்தவளிடம் நீட்டினேன். "இது என்னம்மா?"

"அதுவா… அது சும்மாடி. இலவசம்."

"வயிறு சரியில்லைன்னு போய் இதைத்தான் உடைச்சியா?"

"நாள் பூரா அந்த ஹோட்டல்காரன் போர்வையை மடிக்கிறேன். ஒரு குமிழி உடைச்சா குத்தமா?"

குத்தமில்லை. சலவைக்கூடத்து ஆவியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் ஆயிரம் உடைக்கட்டும். "இதுதான்மா பணம் எடுக்குது. உன் கணக்கைத்தான் போன்ல இணைச்சிருக்கே, கார்டே வேண்டாம்."

"எப்படி எடுக்கும்? வாரா வாரம் கேக்கும். வாரா வாரம் நான் வேண்டாம்னு அமுக்கிடுவேன். நான் என்ன கூமுட்டையா?"

காட்டு என்றேன். காட்டினாள்.

திரை முழுக்கத் தங்க வாளி. வாளிக்குக் கீழே எறும்புக்கால் எழுத்தில், சாம்பல் மேல் சாம்பலாக: சந்தாவை நிறுத்தவா? அதற்குக் கீழே இரண்டு பொத்தான். பச்சையில் பெரிதாக 'வேண்டாம்'. மங்கலாக 'சரி'.

"சரின்னு சொன்னா எடுத்துக்கோன்னு அர்த்தம். கடைக்காரன் ஒண்ணைத் தலையில கட்டப் பார்த்தா வேண்டாம்னுதானே சொல்வோம்?" என்றாள் அம்மா.

ஆமாம். அப்படித்தான் சொல்வோம். ஜாக்கிரதையாக இருக்கிறவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு ஜாக்கிரதையோ அவ்வளவு பணம் போகும். இதற்குப் பேர் விசுவாசம். இதற்குத்தான் கோப்பை.

இரண்டு வருஷமாக அந்தத் திரைக்குப் பதில் சொல்கிறேன். அந்தத் திரையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

'சரி' அமுக்கி நிறுத்தினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்காகிட்ட சொல்லாதடி. ஏதோ நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிடு. மருமகனைத் திருடன்னு சொன்ன மாமியா குமிழி உடைச்சிட்டு இருந்தாள்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

"இருக்கிற மூஞ்சியை வெச்சுக்கிட்டு நில்லு."

அக்காவிடம் சொன்னேன். அவள் கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். அப்புறம் மாமா இருக்கிற கட்டடத்தின் பெயரைக் கேட்டாள்.

மார்ச் 15, சனி

அக்கா போனாள். தனியாகத்தான் திரும்பி வந்தாள்.

அவர் சொன்னது இவ்வளவுதானாம்: "தப்பு பண்ணலைன்னு தெரிஞ்சப்புறம் யார் வேணாலும் கூப்பிடுவாங்க. தெரியாதப்பக் கூப்பிட்டிருக்கணும் நீ."



மார்ச் 17, திங்கள்

மூச்சிடம் போனேன். திரையின் படத்தைக் காட்டினேன். 'நிறுத்து', 'தொடர்' என்று இரண்டு சொல் போட்டால் போதும் சார், மொத்தம் இரண்டு சொல் என்றேன்.

மூச்சு இழுத்தார். "இலக்கணப்படி தப்பு இருக்கா?"

"இல்ல."

"எழுத்துப்பிழை?"

"இல்ல சார். ஆனா ஜனங்க—"

"ஜனங்க சந்தோஷமாத்தான் தொடர்றாங்க. மத்த மொழியில எல்லாம் எப்படி இந்த அளவுக்குக் கொண்டு வர்றதுன்னு மேல நம்மளைக் கேட்டுட்டு இருக்காங்க. இப்பப் போய்." இழுத்த மூச்சை விட்டார். "உனக்கு வீட்ல ஏதாவது பிரச்சினையா? ஒரு மூச்சு இழுத்து விடு."

அந்த ஆளைச் சொல்லிப் புண்ணியமில்லை. அவருக்கும் வாடகை வீடு, அவர் கையிலும் ஒரு கோப்பை. திருடுகிறவன் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்கே தெரியாது. லிஃப்ட் அவ்வளவு உயரம் போகாது.

மார்ச் 18, செவ்வாய்

அம்மா பணத்தைத் திருப்பிக் கேட்டு எங்கள் அரட்டைப் பெட்டிக்கு அவளாகவே எழுதியிருக்கிறாள். "நல்லா மரியாதையாப் பேசினாங்கடி. என் பொறுமைக்கு நன்றியாம். நீ ஒரு நாள் சொல்லியிருக்கியா?"

பணம் வராது என்பதையும் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 19, புதன்

இன்றைக்கு வந்த அத்தனை பேருக்கும் எழுதிவைத்த பதிலை அனுப்பவில்லை. நானாக எழுதினேன்: "வாளிக்குக் கீழே பொடி எழுத்தைப் படியுங்க. நிறுத்தணும்னா 'சரி' அமுக்குங்க. 'வேண்டாம்' அமுக்கினா எடுத்துக்கிட்டே இருப்பாங்க. உங்க வீட்டு ஆளுங்ககிட்டயும் சொல்லுங்க. யார் மேலயும் சந்தேகப்படாதீங்க."

கடைசி வரி ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. அதற்கு ஒரு அம்மா பதில் போட்டார்: "நேத்துதான் என் தம்பியை அடிச்சேன்."

தும்மல் எட்டிப் பார்த்தாள். "வேலை போயிடும்டி."

"போகட்டும்."

அவள் ஒரு தும்மல் போட்டுவிட்டு என் வரியை அப்படியே நகலெடுத்து அவள் பெட்டியில் ஒட்டினாள்.

மார்ச் 21, வெள்ளி

மொழிகளின் பட்டியலில் தமிழின் விசுவாசம் விழுந்துவிட்டது. தள்ளிவிட்டது எங்கள் வரிசைதான் என்று மேலே கண்டுபிடித்துவிட்டார்கள். யார் என்று கேட்டதற்குத் தும்மலை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் சொன்னேன்.

மூச்சு, "உன்னை நிறுத்தல, இடைநிறுத்தம்தான்" என்றார். நிறுத்து என்கிற சொல்லைத் தொட்டால் இவர்களுக்கு விரல் சுடும். நானே ராஜினாமா போட்டேன். கணினியில்தான். கடைசியில் ஒரு திரை வந்தது. எங்கள் ஊழியர் குடும்பத்தின் படம், எல்லாரும் சிரிக்கிறார்கள். கீழே பொடியாக: ராஜினாமாவைத் திரும்பப் பெறவா? வேண்டாம். சரி.

மூன்று முறை படித்துவிட்டு 'வேண்டாம்' அமுக்கினேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பொத்தான் சொன்ன பேச்சைக் கேட்டது.

மார்ச் 22, சனி

அம்மாவிடம் வேலையை விட்டதைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்த வாளிக்காரன்கிட்டயா இத்தனை நாள் வேலை பார்த்தே?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய் வாசற்கதவை அகலத் திறந்தாள். எதிர்வீட்டு அம்மா குப்பைக்கூடையோடு வரும்வரை நின்றாள்.

"அன்னைக்குக் கேட்டீங்கல்ல, நான் கத்தினதை?"

"ஐயோ, எனக்கெதுவும் காதுல விழலையே."

"விழுந்திருக்கும். எல்லாம் விழுந்திருக்கும். இதையும் கேட்டுக்குங்க. பணத்தை எடுத்தது எங்க மாப்பிள்ளை இல்ல. நான்தான். போன்ல குமிழி உடைச்சேன்."

"என்னது உடைச்சீங்க?"

"குமிழி. எழுநூறு பூ."

மேல்மாடிக்காரர் படியில் நின்றுவிட்டார். அவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். அக்கா உள்ளே சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். பாதிதான் அழுகை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனது. தானாக நின்றதா, எதிர்வீட்டு அம்மா கதவுக்கு நடுவில் குப்பைக்கூடையை வைத்து நிறுத்தினாரா என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் லிஃப்ட்டும் அவர் பொறுப்பு என்பதால் மாமாதான் வந்தார். சரிபண்ணிவிட்டு, துணிமணி எடுத்துப்போக மேலே வந்தார். எதிர்வீட்டு அம்மா முழுக் கதையையும் கீழேயே சொல்லி முடித்திருந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

நான் அந்தப் பொத்தான்களைப் பற்றிச் சொன்னேன். "கீழ போறதை அமுக்கினா மேல போற லிஃப்ட்டை நான் மாட்டினா, என்னை அந்தக் குழியிலயே தள்ளிடுவாங்க. இவனுங்களுக்குக் கோப்பையா?" என்றார். என் கோப்பையில் இப்போது பல் துலக்கும் பிரஷ்கள் நிற்கின்றன. அவருடையதும் நிற்கிறது, யாரும் எடுக்கவில்லை. அதைப் பார்த்தார்.

அக்கா சட்டைகளை மடித்துத் தந்தாள். மடித்ததையே பிரித்து மடித்தாள். "எங்க போனீங்கன்னு இனிமே கேக்க மாட்டேன்" என்றாள்.

"கேளு. கேட்டுட்டு, சொல்றதை நம்பு."

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்மா வாசலை அடைத்து நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டிலும் மேல்மாடியிலும் அத்தனை பேரிடம் சொன்னவளுக்கு இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கையை ஆட்டினாள்.

"வேண்டாம்" என்றாள்.

மாமா பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "எது வேண்டாம் அத்தை? பொடி எழுத்தையும் சொல்லிடுங்க."

"போக வேண்டாம்."

"சரி" என்றார். பையைக் கீழே வைத்தார்.