ஷாக் அப்சார்பருக்குப் பதில் மெத்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

நான் ஓட்டுற கம்பெனி வேன் குதிக்குது, ஷாக் அப்சார்பர் போச்சுன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். அந்த மேதாவி சீட்டுக்கெல்லாம் புது மெத்தை வாங்கிப் போட்டான். குதிக்கிற வண்டியில டயர் ரோட்டைப் பிடிக்காது, பிரேக் போட்டாலும் சட்டுன்னு நிக்காதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "இப்ப யாருக்கும் இடுப்பு வலிக்கலையே?"ன்னு இளிச்சான்.

நேத்து மழையில பிரேக் போட்டேன். வேன் வழுக்கிக்கிட்டே போய், கம்பெனி கேட் பக்கத்துல நின்ன மேனேஜரோட புதுக் காரை முட்டித்தான் நின்னுச்சு. பயப்படாதீங்க, காருக்குத்தான் அடி. இன்னிக்கே வேனுக்குப் புது ஷாக் அப்சார்பர் வந்துடுச்சு. எங்க இடுப்பு வலிச்சா மெத்தை, அவன் காருக்கு அடிபட்டாத்தான் ஷாக் அப்சார்பர்! தூ!

அப்பா ஸ்கூட்டரும் குதிக்குதுன்னீங்களே, உடனே பார்க்கச் சொல்லுங்க. வலித் தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்க. தேய்ச்சுவிடத்தான் இங்க ஆளில்லை.

டியூட்டிக்கு நேரமாச்சு. இதோட இன்னிக்கு எடுத்த போட்டோ வச்சிருக்கேன், அதுல ஏன் நெத்தி மறைய தொப்பி போட்டிருக்கேன்னு மட்டும் கேக்காதீங்க.

உங்க பெரியவன்