நாற்பது நாற்பதாகவே இருக்கட்டும்

பென்னலூர்,
கார்த்திகை 9, செவ்வாய்.

அன்பு மகன் கார்முகிலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சுகப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தைத்தான் கேட்கவே முடியவில்லை. நேற்று போன் போட்டால், நீயே சொன்னதுதானேம்மா என்று சிரித்து வைத்துவிட்டாய், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. உன்னோடு படகு ஓட்டும் ஜெபகுமாருக்கு லீவு முடிகிறது, வெள்ளிக்கிழமை மாலத்தீவுக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனைத் துண்டித்த மாதிரி இதையும் பாதியில் மடித்து வைக்காதே, கடைசிவரை படி.

இங்கே நாலு நாளாக மழை, ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்ஸெல்லாம் ஊர்ந்து வருகிறது, செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறதாம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, டீக்கடைக்கு நடக்க மட்டும் வலிக்காது. நீ மோட்டாரிலிருந்து கழற்றி ஜெபகுமாரிடம் கொடுத்தனுப்பிய அந்த வளையத்தை வண்டிச் சாவியில் கோர்த்துக்கொண்டு, “என் புள்ள இருவது குதிரைய அவுத்து வுட்டுட்டான்பா” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். நானும் அதைக் கேட்டுச் சிரித்தேன். 

போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது கறிக்குழம்பைப் போட்டுக்கொண்டே நான்தான் பெருமை அடித்தேன், மறக்கவில்லை. நாற்பது எச்பி படகு மோட்டாரும் அறுபது எச்பி மோட்டாரும் எங்கள் கம்பெனி லைனில் ஒரே பிளாக்தான், ஒரே ஆயிரம் சிசிதான், நான் ஒரு வளையம் மாட்டி நாற்பது என்று ஸ்டிக்கர் ஒட்டினால் நாற்பது, மாட்டாமல் அறுபது என்று ஒட்டினால் அறுபது, இதற்குப் போய் எவ்வளவு விலை வித்தியாசம் பார் என்றேன். பதினோரு வருஷம் அந்த இடத்தில் நின்று வேலை செய்கிறவள் சொன்னால் நீ நம்பத்தானே செய்வாய். ஆனால் எனக்குத் தெரிந்தது என் மேஜை மட்டும்தான். மோட்டாரின் அடிப்பாகம் பக்கத்து ஷெட்டில் மாட்டுகிறார்கள், அங்கே நான் எட்டிப் பார்த்ததே இல்லை. நேற்றுத்தான் பார்த்தேன். நாற்பதுக்குப் போடும் கியர் சின்னது, அறுபதுக்குப் போடுவது பெரியது. செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள். ஏரி ஒன்றுதான், ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதில்தான் வெளியே வரும் தண்ணீர் இருக்கிறது, அதேபோல் அந்த வளையம் எவ்வளவு காற்றை உள்ளே விடுகிறதோ அவ்வளவு பெட்ரோல் எரியும், அவ்வளவு வேகமாகச் சுற்றும், அதுதான் எச்பி. ஷட்டரைத் தூக்கினால் ஏரிக்கு ஒன்றும் ஆகாது, கீழே இருக்கிற கால்வாய்தான் தாங்க வேண்டும். நாள் முழுக்க பாரம் இழுக்கிற படகுக்கென்றே அந்த மோட்டாரை நாற்பதில் நிறுத்தி வைக்கிறார்கள். மோட்டாரைத் தாங்கும் உன் படகின் பின்பலகையும் நாற்பதுக்குத்தான் அடித்தது, அதன்மேல் பதித்திருக்கும் தகட்டைப் படித்துப் பார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், நேற்று காலை ஷிப்டில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு மோட்டார் திரும்பி வந்தது. சர்வீஸ் பார்க்கிற சண்முகசுந்தரம், தூத்துக்குடிக்காரர், அதைப் பிரித்தார். நான் ஸ்டிக்கர் எடுக்கப் போனவள் நின்றுவிட்டேன். ஸ்டிக்கரில் நாற்பது, உள்ளே வளையம் இல்லை. கியரில் ஒரு பல்கூட மிச்சமில்லை. படகில் மாட்டும் கவ்வியில் ஒரு சாண் பலகை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, நீலப் பெயிண்டோடு. வளையத்தை இறுக்கியதும் இரண்டு போல்ட்டின் மேலும் நாங்கள் ஒரு கோடு போடுவோம் அல்லவா, யாராவது திருகினால் கோடு முறிந்துவிடும், ஆளுக்கொரு நிறம், என்னுடையது மஞ்சள். அந்த இரண்டு போல்ட்டிலும் மஞ்சள் முறிந்து கிடந்தது. இதை ஓட்டினவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். சண்முகசுந்தரம் என் முகத்தைப் பார்க்காமல், “மோட்டார் மட்டுந்தான்க்கா திரும்பி வந்துருக்கு” என்றார். 

நீ அனுப்பிய வீடியோவை இன்று காலை எத்தனை முறை பார்த்தேனோ. மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு பறக்கிறது, நீ சிரிக்கிறாய், பின்னால் பலகை நடுங்குகிறது. முதலில் பார்த்தபோது உன் சிரிப்பு மட்டும்தான் என் கண்ணில் பட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பவளத்திட்டைத் தாண்டி ஆழத்துக்குப் போகப்போகிறேன் என்றாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், வாயை விட்டது நான், கடலில் நிற்பது நீ, இது என்ன நியாயம் சொல்.

அப்பாவின் சாவியிலிருந்து வளையத்தைக் கழற்றிவிட்டேன். ஜெபகுமார் தரும் பொட்டலத்தில் அதுவும், இரண்டு புது போல்ட்டும், என் மஞ்சள் மார்க்கரும் இருக்கும். கழற்றத் தெரிந்த உனக்கு மாட்டவும் தெரியும். மாட்டி, கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு. பின்பலகையில் விரிசல் இருக்கிறதா என்றும் கையால் தடவிப் பார். அவன் பையில் இன்னொரு கடிதமும் இருக்கிறது, உன் மேனேஜர் பெயருக்கு, சுகப்பிரியாவை இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குப் போட்டோ வராவிட்டால் ஜெபகுமார் அதைக் கொடுத்துவிடுவான். உன் வேலை போகும், தெரிந்துதான் செய்கிறேன். என்னைத் திட்டு, பத்து வருஷம் பேசாமல் இரு, ஆனால் ஊருக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து பேசாமல் இரு.

எல்லையம்மன் உனக்குத் துணை நிற்பாள், நல்லபடியாக நூறு வயசு இரு. வேளைக்குச் சாப்பிடு. மார்க்கரை நன்றாகக் குலுக்கிவிட்டுக் கோடு போடு, காய்வதற்குப் பத்து நிமிஷம் ஆகும், அதுவரை படகில் கால் வைக்காதே.

இப்படிக்கு,
வாயை விட்டுவிட்டுத் தவிக்கும் உன் அம்மா,
அ. ரத்னா